எஸ்தர்ஹாஸி குடும்பத்துச் சொத்து எங்கிருந்து வந்தது?

வாசகர் ஒருவரின் கேள்வி, 4 பிப்ரவரி 2024

இசையமைப்பாளர் ஹைடனைப் பற்றி எழுதும்போதெல்லாம், அவரை வேலைக்கு வைத்திருந்த ஹங்கேரியப் பிரபுக் குடும்பமான எஸ்தர்ஹாஸி குடும்பத்தை வள்ளல்கள் என்கிறீர்கள். வியன்னா பேரரசருக்கு வால் பிடித்தார்கள், அவர் கொடுத்த நிலத்தில் முந்நூறு வருடம் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். இதைத் தாண்டி அந்தக் குடும்பத்துக்கு என்ன வரலாறு இருக்கிறது?

4 பிப்ரவரி, இரவு 9.50

பாதி சரி. வியன்னாவிலிருந்து ஆண்ட ஹாப்ஸ்பர்க் அரசர்களுக்கு அவர்கள் விசுவாசமாக இருந்ததில் சந்தேகமே இல்லை. ஆனால் முதல் பெரிய சொத்து அரசர் கொடுத்ததில்லை. ஒரு விதவை கொண்டுவந்தது.

மிக்லோஷ் எஸ்தர்ஹாஸி 1580களில் கலாந்தாவில் பிறந்தார். சுமாரான நிலமுள்ள பிரபுக் குடும்பம், வீடு நிறையப் பிள்ளைகள். புராட்டஸ்டண்ட் வீடு. இவர் கத்தோலிக்கராக மாறியதும் அப்பா வீட்டைவிட்டு அனுப்பிவிட்டார். காஷ்ஷா என்ற ஊரில் ஃபெரென்ஸ் மாகோச்சி என்ற தளபதியிடம் போய்ச் சேர்ந்தார். 1611இல் மாகோச்சி இறந்துபோனார். மறு வருடமே அவர் மனைவி ஓர்ஷோயா டெர்ஷ்ஃபியை மிக்லோஷ் மணந்துகொண்டார். அந்த அம்மாளோடு முன்காச் கோட்டையும் லாண்ட்ஸே பண்ணையும் வந்தன. நேற்றுவரை சம்பளத்துக்கு இருந்தவர் ஒரே கல்யாணத்தில் பெரிய நிலக்கிழார்.

ஓர்ஷோயா 1619இல் இறந்தார். 1622இல் பேரரசர் இரண்டாம் ஃபெர்டினாண்டுக்கு முன்காச் தேவைப்பட்டது. டிரான்சில்வேனியா இளவரசர் பெத்லெனோடு செய்த சமாதானத்தில் அதைக் கொடுத்தாக வேண்டும். மிக்லோஷ் விட்டுக்கொடுத்தார். ஈடாக ஃப்ராக்னோ, கிஷ்மார்ட்டொன் என்ற இரண்டு ஊர்களும் முதலில் அடகாகவும் பிறகு சொந்தமாகவும் கைக்கு வந்தன. நீங்கள் "அரசர் கொடுத்த நிலம்" என்பது இதைத்தான். கணக்கு எழுதிப் பிழைப்பவன் நான். இந்த வரவுக்கு எதிரே நான் அரசர் பெயரை எழுத மாட்டேன், ஓர்ஷோயா பெயரைத்தான் எழுதுவேன்.

5 பிப்ரவரி, காலை

இந்த ஊரெல்லாம் வரைபடத்தில் கிடைக்கவில்லை என்று இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள். நான் பழைய ஹங்கேரியப் பெயர்களை எழுதிவிட்டேன். கலாந்தாவும் காஷ்ஷாவும் இன்று ஸ்லோவாக்கியாவில் இருக்கின்றன, காஷ்ஷாதான் இப்போதைய கோஷிட்சே. முன்காச் உக்ரைனில். லாண்ட்ஸே, ஃப்ராக்னோ, கிஷ்மார்ட்டொன் மூன்றும் ஆஸ்திரியாவில். ஃப்ராக்னோவை ஃபோர்க்டென்ஸ்டைன் என்றும் கிஷ்மார்ட்டொனை ஐஸன்ஸ்டாட் என்றும் தேடுங்கள்.

எழுதி முடித்தபிறகுதான் எனக்கே உறைத்தது. ஹங்கேரியக் குடும்பத்தைப் பற்றி எழுதியிருக்கிறேன், ஆறு ஊர் சொல்லியிருக்கிறேன், ஒன்றுகூட இன்றைய ஹங்கேரியில் இல்லை.

7 பிப்ரவரி, இரவு 11 மணி

ஃபோர்க்டென்ஸ்டைன் கோட்டைக்கு நான் போயிருக்கிறேன். வியன்னாவுக்கு வேலைக்கு வந்த இரண்டாம் வருடம், மனைவியும் மகளும் வந்திருந்தார்கள். ரயிலில் மாட்டர்ஸ்பர்க், அங்கிருந்து பஸ். பாறைமேல் நிற்கும் கோட்டை. துருக்கியர்களால் ஒருபோதும் பிடிக்க முடியாதது. உள் முற்றத்தில் ஒரு கிணறு இருக்கிறது. 142 மீட்டர் ஆழம், பிடிபட்ட துருக்கியக் கைதிகளை வைத்து வெட்டியது. வழிகாட்டிப் பெண் ஒரு குவளைத் தண்ணீரை உள்ளே ஊற்றிவிட்டு விரலை உதட்டில் வைத்தார். எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றோம். ஒன்று, இரண்டு என்று மகள் விரல் விட்டாள். ஆறாவது விரலில் கீழிருந்து கைதட்டுவது போல் ஒரு சத்தம் வந்தது. மறுபடி ஊற்றச் சொல்லி அடம்பிடித்தாள். நான் வெட்டியவர்களை நினைத்துக்கொண்டிருந்தேன். கயிற்றில் இறங்கி, விளக்கு வெளிச்சத்தில், 142 மீட்டர்.

மிக்லோஷ் 1625இல் நாதோர் ஆனார், பிரதமர் மாதிரி ஒரு பதவி. அவர் இறந்தபின் மகன் லாஸ்லோ தலைமைக்கு வந்தார். 1652 ஆகஸ்ட் 26, வெஸெகேன் என்ற இடத்தில் கொள்ளையடித்துத் திரும்பிக்கொண்டிருந்த துருக்கியப் படையை மறித்தார்கள். பெரிய போரெல்லாம் இல்லை, ஒரு மோதல். அதில் ஒரே நாளில் எஸ்தர்ஹாஸி குடும்பத்தில் நான்கு பேர் செத்தார்கள். லாஸ்லோவுக்கு வயது 25. குதிரை சேற்றில் விழுந்தது, அவரைச் சூழ்ந்துகொண்டு வெட்டினார்கள். அந்தக் காட்சியை ஆக்ஸ்பர்க் நகரத்து வெள்ளித் தட்டார் ஒரு பெரிய தாம்பாளத்தில் புடைப்பாக அடித்துக் கொடுத்திருக்கிறார். குடும்பத்தில் செத்தவரைத் தாம்பாளத்தில் அடித்து வைத்துக்கொள்வது எனக்கு முதலில் விநோதமாக இருந்தது. இப்போது அப்படித் தோன்றவில்லை. நடுகல் நட்டவர்களின் பேரப்பிள்ளைகள் நாம்.

லாஸ்லோவுக்கு வாரிசு இல்லை. தம்பி பவுல் படித்துக்கொண்டிருந்த பையன், பதினாறு முடிந்து பதினேழு நடக்கிறது. எல்லாம் அவன் தலையில் விழுந்தது.

8 பிப்ரவரி

திருத்தம். நாதோரைப் பிரதமர் என்றது தப்பு. அரசர் முன்மொழிந்த பெயர்களிலிருந்து நாட்டுப் பிரபுக்களின் சபை தேர்ந்தெடுக்கும் பதவி அது. அரசருக்கும் பிரபுக்களுக்கும் நடுவில் நிற்பவர், அரசர் இல்லாத நேரத்தில் அவர் இடத்தில் இருப்பவர். விசுவாசம் பற்றிப் பேசும்போது இது முக்கியம். இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நம்பினால்தான் அந்த நாற்காலியில் உட்கார முடியும். மிக்லோஷ் இருபது வருடம் உட்கார்ந்தார். பவுல் 1681 முதல் 1713இல் சாகும்வரை.

11 பிப்ரவரி, ஞாயிறு

பவுலின் கல்யாணம். இதை ஆங்கிலத்திலும் ஜெர்மனிலும் படித்தபோது "அண்ணன் மகளை மணந்தார்" என்று ஒரே வரியில் கடந்துபோனேன். தமிழில் எழுத உட்கார்ந்ததும் பேனா நின்றுவிட்டது. நமக்கு முறை சொல்லாமல் நகர முடியாதே. அதனால் வம்சத்தை ஒரு தாளில் வரைந்து பார்த்தேன்.

மிக்லோஷுக்கு முதல் மனைவி ஓர்ஷோயா டெர்ஷ்ஃபி. அவர்களுக்கு ஒரு மகன், இஷ்ட்வான். ஓர்ஷோயா இறந்தபின் மிக்லோஷ் கிறிஸ்டினா ந்யாரியை மணந்தார். கிறிஸ்டினாவும் விதவைதான், துர்ஸோ என்ற பெரிய குடும்பத்து மருமகள். அவருக்கு அந்தக் கல்யாணத்தில் எலிசபெத் என்று ஒரு மகள். மிக்லோஷுக்கும் கிறிஸ்டினாவுக்கும் பிறந்தவர்கள்தான் லாஸ்லோவும் பவுலும். இதற்கு நடுவில் இஷ்ட்வானுக்கும் எலிசபெத்துக்கும் கல்யாணம் செய்துவைத்தார்கள். அப்பாவின் முதல் தாரத்து மகனுக்கு, இரண்டாம் மனைவி கூட்டிவந்த மகள். அவர்களுக்கு 1641இல் ஒரு பெண் பிறந்தது, பாட்டி பெயரே, ஓர்ஷோயா. அப்பா அந்த வருடமே இறந்தார், அம்மா அடுத்த வருடம். கைக்குழந்தை அனாதை. ஆனால் டெர்ஷ்ஃபி வழிச் சொத்துக்கும் துர்ஸோ வழிச் சொத்துக்கும் வாரிசு.

அந்தப் பெண்ணைத்தான் பவுல் மணந்தார். 1655இல், போப்பிடம் தனி அனுமதி வாங்கி. அவளுக்குப் பதினான்கு நடக்கிறது, இவருக்கு பத்தொன்பது.

பவுலுக்கு அவள் என்ன முறை? இஷ்ட்வான் அவருக்கு அப்பா வழியில் அண்ணன். அண்ணன் மகள் என்றால் நமக்கு மகள் முறை, நினைத்தே பார்க்க மாட்டோம். எலிசபெத் அவருக்கு அம்மா வழியில் அக்காள். அக்காள் மகள் என்றால் கட்டிக்கொள்கிற முறை, ஊர் கூடிப் பந்தல் போடும். ஒரே பெண், இரண்டு முறையும். இதை என் அம்மாவிடம் போனில் சொன்னேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "சொத்து வெளியே போகக்கூடாதுன்னு பண்ணியிருக்காங்க" என்றார். ஹங்கேரிய வரலாற்றாசிரியர்கள் சொல்வதும் அதேதான்.

ஓர்ஷோயா வேறு வீட்டுக்குப் போயிருந்தால் சொத்து பாதியாகியிருக்கும். அந்தச் சிறுமிக்கு இதில் எதுவும் கேட்கப்பட்டிருக்காது. வரிசையாகப் பிள்ளை பெற்று 1682இல் இறந்தார். பவுலும் அவளும் நேசத்தோடு வாழ்ந்தார்கள் என்பதற்குப் பவுல் எழுதி வைத்தவை சாட்சி. அவள் எழுதியது என்று நான் எதையும் படித்ததில்லை.

12 பிப்ரவரி

கேள்வி கேட்டவருக்கு: இதில் நீங்கள் சொன்னது முழுக்க சரி என்று ஒப்புக்கொள்ள வேண்டிய இடம் வந்துவிட்டது.

பவுலின் உடன்பிறந்த அக்காள் யூலியா. அவர் கணவர் ஃபெரென்ஸ் நாதஷ்டி, நாட்டின் மிகப் பெரிய பணக்காரர்களில் ஒருவர். "ரத்தக் காட்டேரிச் சீமாட்டி" என்று இணையத்தில் சுற்றுகிற எலிசபெத் பாத்தோரியின் பேரன். பேரரசருக்கு எதிரான சதியில் சேர்ந்ததற்காக 1671 ஏப்ரல் 30 அன்று வியன்னாவில் அவர் தலையை வெட்டினார்கள், சொத்தைப் பறிமுதல் செய்தார்கள். பறிமுதலான பண்ணைகளில் சிலதைப் பின்னால் வாங்கியவர் மைத்துனர் பவுல்.

குடும்பச் சொத்து அரசாங்கத்திடம் போகாமல் மீட்டார் என்றும் சொல்லலாம். பலமுறை அப்படி யோசித்துப் பார்த்தேன். யூலியா 1669லேயே இறந்துவிட்டார், அதை மட்டும் நிம்மதி என்று நினைத்தேன்.

1687இல் பிராட்டிஸ்லாவாவில் கூடிய சபையில் பிரபுக்கள் அரசரைத் தேர்ந்தெடுக்கும் உரிமையையும், அரசர் தவறினால் ஆயுதம் எடுத்து எதிர்க்கும் பழைய உரிமையையும் விட்டுக்கொடுத்தார்கள். அப்போது நாதோர் பவுல். அந்த வருட டிசம்பரில் அவருக்குப் பேரரசின் இளவரசர் பட்டம் வந்தது. அதே சபைதான் பெரும் பிரபுக்கள் தங்கள் சொத்தைப் பாகம் பிரிக்காமல் மூத்த மகனுக்கே முழுசாக விடலாம் என்று சட்டமும் போட்டது. பவுல் அதை உடனே கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். எங்கள் தாத்தாவின் நிலம் மூன்று தலைமுறையில் வரப்பாகத்தான் மிஞ்சியது. இவர்களுடையது இருநூற்றைம்பது வருடம் ஒரு சென்ட் குறையாமல் நின்றதற்கு இந்தச் சட்டம்தான் காரணம்.

இதே மனிதர் 1711இல் 55 சிறு கீர்த்தனைகள் கொண்ட "ஹார்மோனியா செலஸ்டிஸ்" என்ற இசைத் தொகுப்பை வெளியிட்டார். தன் வம்சம் ஹூணன் அட்டிலாவிடமிருந்து வருகிறது என்று படம் போட்டு ஒரு புத்தகமும் 1700இல் அச்சடித்தார். அட்டிலா வரை போகும் அந்த வம்சாவளி முழுக்கக் கற்பனை.

15 பிப்ரவரி, மாலை

சரி, ஹைடன். எல்லோரும் இதற்குத்தான் காத்திருக்கிறீர்கள் என்று தெரியும். 1761 மே 1ஆம் தேதி ஒப்பந்தம். "ஆடம்பரப் பிரியர்" என்று பட்டப்பெயர் பெற்ற நிக்கோலஸ் இளவரசர் அவரை வேலைக்கு எடுத்தார். சம்பளம் வருடத்துக்கு 400 கில்டர். அந்த ஒப்பந்தத்தைப் படிக்கும்போது என் முதல் வேலை உத்தரவு ஞாபகம் வந்தது. வெள்ளைக் காலுறை, வெள்ளைச் சட்டை, பவுடர் போட்ட முடி, ஒன்று பின்னல், இல்லாவிட்டால் கட்டின டோப்பா. தினமும் மதியத்துக்கு முன்னும் பின்னும் வாசல் அறையில் வந்து நின்று, இன்று இசை வேண்டுமா என்று கேட்க வேண்டும். எழுதுவதெல்லாம் இளவரசருக்கே சொந்தம், அவர் அனுமதி இல்லாமல் வேறு யாருக்கும் எழுதக்கூடாது. 1779இல் புது ஒப்பந்தம் போட்டபோதுதான் அந்த ஷரத்து போனது.

நிக்கோலஸ் பாரிட்டன் வாசிப்பார். செல்லோ மாதிரி இருக்கும், ஆனால் கழுத்துக்குப் பின்பக்கமும் கம்பிகள், அவற்றைக் கட்டைவிரலால் மீட்ட வேண்டும். அந்த ஒரு வாத்தியத்துக்காக ஹைடன் 120க்கு மேல் மூவர் இசை எழுதினார். உலகத்தில் அதை வாசிக்கக்கூடியவர் அன்றைக்கே சொற்பம். ஐஸன்ஸ்டாட்டில் ஒரு கச்சேரியில் முன்வரிசையில் உட்கார்ந்து கேட்டேன். வில் ஓடிக்கொண்டிருக்கும்போதே பின்னாலிருந்து டிங், டிங் என்று கட்டைவிரல் மீட்டுகிறது. ஒரே ஆள் வாசிக்கிறார் என்று நம்ப மனசு வரவில்லை.

15 பிப்ரவரி, இரவு

மேலே தப்பு செய்திருக்கிறேன். ஹைடனை வேலைக்கு எடுத்தது நிக்கோலஸ் இல்லை, அவருடைய அண்ணன் பவுல் அன்டன். 1762 மார்ச்சில் அவர் பிள்ளையில்லாமல் இறந்ததால் தம்பிக்கு வந்தது. நிக்கோலஸின் வெளிச்சத்தில் அண்ணன் மறைந்துபோகிறார், நானும் மறைத்துவிட்டேன். ஹைடனைக் கண்டுபிடித்தவர் அண்ணன்.

18 பிப்ரவரி

"இதற்கெல்லாம் காசு யார் கொடுத்தது?" என்று புதிதாக ஒருவர் கேட்டிருக்கிறார். நல்ல கேள்வி. நான் முதல் நாளே எழுதியிருக்க வேண்டும்.

நிக்கோலஸ் 1760களில் ஏரிக்கரைச் சதுப்பு நிலத்தில் ஒரு வேட்டை மாளிகையை 126 அறை கொண்ட எஸ்தர்ஹாஸா அரண்மனையாக விரித்தார். ஓபரா அரங்கு 1768இல் திறந்தது. 1773இல் மரியா தெரசா ராணி விருந்துக்கு வந்தார். 1786இல் மட்டும் அங்கே 125 ஓபரா நிகழ்ச்சிகள். அந்த அரண்மனை எழும்பிக்கொண்டிருந்த அதே வருடங்களில், 1765, 66இல், மேற்கு ஹங்கேரியில் குடியானவர்கள் கலகம் செய்தார்கள். அதனால்தான் மரியா தெரசா 1767இல் வெட்டி வேலைக்கு ஒரு வரம்பு கட்டினார். முழுப் பங்கு நிலம் வைத்திருக்கும் குடியானவன் பிரபுவுக்கு வருடத்தில் மாட்டோடு 52 நாள், அல்லது கையால் 104 நாள் உழைக்க வேண்டும். வரம்பு கட்டிய பிறகு இவ்வளவு! வாரத்தில் இரண்டு நாள். ஹைடனின் இசை எனக்கு உயிர். இந்த 104ஐத் தெரிந்துகொண்ட பிறகும் கேட்கிறேன், இரண்டையும் சேர்த்தே கேட்கிறேன்.

குடும்பத்தின் பெயருக்கு வரவு வைக்க வேண்டிய ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். 1670இல் வியன்னாவிலிருந்து யூதர்களை விரட்டியபோது பவுல் அவர்களுக்குத் தன் நிலத்தில் இடம் கொடுத்தார். ஏழு ஊர்கள், "ஏழு சமூகங்கள்" என்றே பெயர். பாதுகாப்புக் கட்டணம் வாங்கினார், அது உண்மை. ஆனால் எழுத்தில் உரிமை கொடுத்தார், நாஜிகள் ஆஸ்திரியாவைப் பிடித்த 1938 வரை அந்த ஊர்கள் வாழ்ந்தன. ஐஸன்ஸ்டாட்டின் பழைய யூதத் தெருவில், சனிக்கிழமை வண்டி நுழையாமல் குறுக்கே கட்டும் இரும்புச் சங்கிலி இன்றும் தூணில் தொங்குகிறது. கையில் எடுத்துப் பார்த்தேன். நல்ல கனம்.

20 பிப்ரவரி

1890களில் பிரான்ஸை உலுக்கிய டிரைஃபஸ் உளவு வழக்கில் வரும் எஸ்தர்ஹாஸியும் இந்தக் குடும்பம்தானா? பெயர் அதுதான். ஃபெர்டினாண்ட் வால்சின் எஸ்தர்ஹாஸி, பிரெஞ்சு ராணுவ மேஜர். ஜெர்மானியருக்கு ரகசியம் விற்றவர் அவர், குற்றமே செய்யாமல் தண்டனை அனுபவித்தவர் டிரைஃபஸ் என்ற இன்னொரு அதிகாரி. பிரான்ஸுக்குப் போன கிளையில் ஒரு பெண்ணுக்குத் திருமணத்துக்கு வெளியே பிறந்த மகனின் வழி. ஹங்கேரிக் குடும்பத்தோடு உறவே இல்லை என்று சொல்லிவிட முடியாது, ஆனால் சொத்திலும் வீட்டிலும் பங்கு இல்லை. 1898 ஜனவரியில் ராணுவ நீதிமன்றம் அவரை விடுதலை செய்தது. அந்த வருடமே இங்கிலாந்துக்கு ஓடி, வேறு பெயரில் வாழ்ந்து 1923இல் இறந்தார்.

24 பிப்ரவரி

ஹைடனின் தலை. மகள் பள்ளியில் கேட்டுவிட்டு வந்து சொன்னபோது நான் நம்பவில்லை.

1809 மே 31 அன்று வியன்னாவை நெப்போலியன் பிடித்திருந்த நேரத்தில் ஹைடன் இறந்தார். எளிமையாக அடக்கம். சில நாளில் குழிவெட்டிக்குக் காசு கொடுத்துத் தலையை எடுத்துவிட்டார்கள். மண்டையோட்டின் மேடு பள்ளத்தில் மேதைமை தெரியும் என்று நம்பிய காலம். எடுத்தவர்களில் ஒருவர் ரோசன்பாம், எஸ்தர்ஹாஸி அலுவலகத்தில் முன்பு வேலை பார்த்தவர். 1820இல் அப்போதைய இளவரசர் இரண்டாம் நிக்கோலஸ் உடலை ஐஸன்ஸ்டாட்டுக்குக் கொண்டுவரத் தோண்டினால், பெட்டியில் டோப்பா இருக்கிறது, தலை இல்லை. போலீஸ் விசாரித்ததும் ரோசன்பாம் வேறு யாருடைய மண்டையோட்டையோ கொடுத்துவிட்டார். உண்மையானது கைமாறிக் கைமாறி வியன்னா இசைச் சங்கத்தின் கண்ணாடிப் பெட்டியில் போய் இருந்தது. 1954இல்தான் பெர்க் தேவாலயத்துக் கல்லறையில் உடலோடு சேர்த்தார்கள். அந்த இன்னொரு மண்டையோட்டையும் எடுக்கவில்லை. இன்றும் அங்கே இரண்டு தலைகள்.

அந்த இரண்டாவது ஆள் யார் என்று மகள் இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறாள்.

2 மார்ச்

கடன் பற்றி. பாகம் பிரிக்க முடியாத சொத்தை விற்கவும் முடியாது, ஆனால் கடன் வாங்கலாம். இரண்டாம் நிக்கோலஸ் படம் வாங்கித் தள்ளினார், அவர் மகன் லண்டனில் வைரம் பதித்த சீருடையில் தூதராக இருந்தார். 1860களில் பண்ணைகள் நிர்வாகிகளின் கட்டுப்பாட்டுக்குப் போயின. 1870இல் ஓவியச் சேகரத்தை ஹங்கேரி அரசு வாங்கியது. 637 ஓவியம், 3,500க்கு மேல் வரைபடம், 51,000க்கு மேல் அச்சுப்படம். புடாபெஸ்ட் நுண்கலை அருங்காட்சியகத்தின் அடித்தளமே இதுதான். ராஃபேல் வரைந்து முடிக்காமல் விட்ட சின்ன மாதா படம், உள்ளங்கை இரண்டை விரித்து வைத்த அளவு, "எஸ்தர்ஹாஸி மடோன்னா" என்றே பெயர். 1983 நவம்பரில் இன்னும் ஆறு படங்களோடு திருட்டுப் போய், கிரீஸில் கிடைத்துத் திரும்பி வந்தது. அதன் முன்னால் நின்றபோது குழந்தை யோவானின் முகம் வெறும் கோடும் வண்ணப் பூச்சுமாக நிற்பதைப் பார்த்தேன். முடித்திருந்தால் இவ்வளவு நேரம் நின்றிருக்க மாட்டேன்.

9 மார்ச்

1921இல் ஹங்கேரியின் மேற்கு ஓரமான பர்கன்லாந்து ஆஸ்திரியாவோடு சேர்ந்தது. ஃபோர்க்டென்ஸ்டைனும் ஐஸன்ஸ்டாட்டும் ஆஸ்திரியப் பக்கம், எஸ்தர்ஹாஸா ஹங்கேரிப் பக்கம். 1945இல் ஹங்கேரியில் நிலச் சீர்திருத்தம், அங்கே இருந்த நிலமெல்லாம் போயிற்று. கடைசிப் பெரும் இளவரசர் பவுல், 1901இல் பிறந்தவர், நாட்டின் மிகப் பெரிய நிலக்கிழார். ஓடிப்போயிருக்கலாம், போகவில்லை. 1946இல் புடாபெஸ்ட் ஓபராவின் தலைமை பாலே நடனக்காரர் மெலிண்டா ஒட்ருபாயை மணந்தார். 1949 பிப்ரவரியில் ஹங்கேரியக் கத்தோலிக்கத் திருச்சபையின் தலைவர் கார்டினல் மின்ட்சென்டியோடு ஒரே வழக்கில் நிறுத்தி 15 வருடச் சிறை கொடுத்தார்கள். 1956 புரட்சியின்போது சிறைக் கதவு திறந்தது. மனைவியோடு எல்லை தாண்டி ஆஸ்திரியா, பிறகு சூரிச். 1989இல் இறந்தார். பிள்ளைகள் இல்லை. சொத்து முழுக்க மெலிண்டாவுக்கு. அந்த அம்மாள் 1990களில் அறக்கட்டளைகள் அமைத்து எல்லாவற்றையும் அவற்றின் கையில் கொடுத்துவிட்டு, 2014இல் 94 வயதில் காலமானார்.

இதற்கு நடுவில் ஒன்றைத் தாண்டிப் போகக்கூடாது. லாக்கன்பாக் ஊரில் எஸ்தர்ஹாஸிப் பண்ணையின் கட்டடத்தில்தான் 1940 நவம்பரில் நாஜிகள் ரோமா (ஜிப்ஸி) மக்களை அடைக்கும் முகாமை அமைத்தார்கள். மறு வருடம் அங்கிருந்து இரண்டாயிரம் பேரை போலந்தின் வூட்ஜ் நகருக்கு ரயிலேற்றினார்கள். அவர்களில் யாரும் திரும்பவில்லை.

10 மார்ச்

குடும்பம் ஒன்று, கிளை மூன்று. இளவரசர் பட்டம் ஒரு வழிக்கு, மற்றவர்கள் கவுண்ட் பட்டத்தோடு. அவர்களில் இரண்டு பேரை மட்டும்.

யானோஷ் எஸ்தர்ஹாஸி, ஸ்லோவாக்கியாவில் ஹங்கேரியச் சிறுபான்மையின் தலைவர். அவருடைய மற்ற அரசியல் முடிவுகளைப் பற்றி இரண்டு நாட்டிலும் இன்றுவரை சண்டை. ஆனால் 1942 மே 15 அன்று யூதர்களை நாடு கடத்தும் சட்டத்துக்கு ஸ்லோவாக்கிய நாடாளுமன்றத்தில் ஆதரவாகக் கை தூக்காதவர் அவர் ஒருவர்தான். 1945இல் சோவியத்துகள் பிடித்துக்கொண்டு போனார்கள். அவர் நாட்டில் இல்லாதபோதே மரண தண்டனை, பிறகு ஆயுள். 1957இல் மீரோவ் சிறையில் இறந்தார்.

இன்னொருவர் எழுத்தாளர் பேட்டர் எஸ்தர்ஹாஸி. தாத்தா மோரிட்ஸ் 1917இல் இரண்டு மாதம் பிரதமர். 1951இல் குழந்தை பேட்டரோடு குடும்பத்தையே கிராமத்துக்கு நாடு கடத்தினார்கள். 2000இல் அவர் குடும்பக் கதையை நாவலாக எழுதி, 1711இல் வந்த பவுலின் இசைத் தொகுப்பின் பெயரையே வைத்தார். எழுதி முடித்த கையோடு, தன் அப்பா ரகசியப் போலீசுக்குத் தகவல் கொடுத்தவர் என்று காட்டும் கோப்புகள் கிடைத்தன. 2002இல் அதையும் ஒரு புத்தகமாக எழுதி வெளியிட்டார். மறைத்திருக்கலாம். யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். அட்டிலாவரை வம்சம் புனைந்த குடும்பத்தில், கையில் கிடைத்த உண்மையை அச்சுக்குக் கொடுத்தவர் அவர்.

அவர் தம்பி மார்ட்டன் கால்பந்து ஆட்டக்காரர். 1986 உலகக் கோப்பையில் கனடாவுக்கு எதிராக இரண்டாவது நிமிடத்திலேயே கோல் போட்டார்.

16 மார்ச், இரவு

கேள்வி கேட்டவர் திரும்ப வந்து, "கடைசியில் உங்கள் பதில் என்ன?" என்கிறார்.

இந்த ஆறு வாரத்தில் நானே எழுதியதை மேலிருந்து படித்தேன். விசுவாசம் என்று நீங்கள் சொன்னது உண்மை, நாதஷ்டி பண்ணை விஷயத்தில் அது எனக்குக் கசக்கிறது. ஆனால் சொத்து வந்த வழி, காத்த வழி, கடைசியில் போன வழி மூன்றிலும் நான் ஒரு பெண்ணின் பெயரைத்தான் எழுதியிருக்கிறேன். விதவை ஓர்ஷோயா கொண்டுவந்தார். அனாதைப் பேத்தி ஓர்ஷோயாவைக் கட்டிவைத்து அதைக் கட்டிக்காத்தார்கள். நடனக்காரி மெலிண்டா அதை அறக்கட்டளைக்கு எழுதிவைத்தார். மூவரில் தன் விருப்பப்படி முடிவெடுத்தவர் மெலிண்டா மட்டும்தான் என்று எனக்குப் படுகிறது. முதல் ஓர்ஷோயாவைப் பற்றியும் அப்படிச் சொல்லலாமோ என்னவோ, வீடில்லாத ஒருவரைத் தேர்ந்தெடுத்தவர் அவர். அதையும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

இன்று மத்தியானம் ஐஸன்ஸ்டாட் போனேன். அரண்மனைக்குப் போகவில்லை. பிரான்சிஸ்கன் தேவாலயத்துக்குப் போனேன், குடும்பக் கல்லறை அறை அதன் அடியில்தான். கீழே போக அனுமதி இல்லை. பக்கத்து வரிசையில் ஒரு பாட்டி ஜெபமாலை உருட்டிக்கொண்டிருந்தார். கீழே யாரெல்லாம் இருக்கிறார்கள் என்று மெதுவாகக் கேட்டேன். "இளவரசர்கள்" என்றார். கொஞ்சம் பொறுத்து, "அவர்கள் மனைவிமாரும்" என்றார்.